போர்டு என்றொரு தச்சன்

"அது சரி, போர்டு போர்டுங்கறோமே, அந்தப் பேரு எங்கேர்ந்துய்யா வந்துச்சு?"

முதலாளி கேட்டது சாதாரணக் கேள்விதான். ஆண்டு விழா அழைப்பிதழின் மாதிரித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பொழுது போகாமல் கேட்டார். "தெரியலைங்க முதலாளி" என்று சொல்லியிருந்தால் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு டீ குடித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள்.

ஆனால் எதிரே நின்ற ஆள் அகராதி.

அகராதி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. அந்த பிளைவுட் தொழிற்சாலையில் பிரஸ் இயந்திரம் ஓட்டுகிறவர்கள் வைத்தது. கம்பெனியின் ஆங்கிலக் கடிதங்களையெல்லாம் தான் எழுதுவதால் மரியாதையாக அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். வைத்தவர்கள் வேறு எதையோ நினைத்து வைத்திருந்தார்கள். அதை அவரிடம் எடுத்துச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. உலகத்தில் உள்ள எல்லாச் சொல்லும் தனக்குத் தெரியும் என்பது அவர் எண்ணம். "தெரியாது" என்ற ஒரு சொல்தான் அவர் வாயில் நுழையாது.

அன்றைக்கு இன்னொரு காரணமும் இருந்தது. மாடியில் மேனேஜர் அறை காலியாகக் கிடந்தது. கதவு உள்ள அறை. ஜன்னல் உள்ள அறை. சுழல் நாற்காலி உள்ள அறை. அகராதியின் மேஜையோ கீழே, ரம்பத்துக்கும் சரக்கு ஏற்றும் வாசலுக்கும் நடுவில் இருந்தது. காலையில் கறுப்பு முடியோடு போகிறவர் சாயங்காலம் மரத்தூள் முடியோடு திரும்புவார். "உங்க சட்டையை உதறினா ஒரு ஸ்டூல் பண்ணலாம்" என்று அவர் மனைவி சொல்லாத நாள் இல்லை. புது மேனேஜர் யார் என்பதை ஆண்டு விழா மேடையில் அறிவிக்கப் போவதாக முதலாளி சொல்லியிருந்தார். முதலாளியின் மச்சான் வேறு அந்த அறைப் பக்கம் வந்து நாற்காலியைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்.

இந்த நேரத்தில் போய் "தெரியாது" என்று சொல்வதா?

"அது ஒரு பெரிய கதைங்க முதலாளி" என்றார் அகராதி. சொல்லிவிட்டுக் கதைக்காக ஜன்னல் பக்கம் பார்த்தார். கீழே யாரோ ஒருவர் பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். அது போதும்.

"ஒரு குளிர் தேசத்துல ஒரு தச்சன் இருந்தான். அவன் பேரே போர்டுதான்."

"அட!"

"ராஜா கப்பல்ல போறாரு. நடுக்கடல்ல கப்பல் அடியில ஓட்டை. எல்லாரும் அய்யோ அம்மான்னு கத்தறாங்க. இந்தத் தச்சன் மட்டும், தான் படுத்திருந்த பலகையை எடுத்து ஓட்டை மேல போட்டு, அதுமேலயே உட்கார்ந்துட்டான். கரை வர்ற வரைக்கும் எழுந்திருக்கலை."

"சாப்பாடு?"

"உட்கார்ந்த இடத்துக்கே வந்துச்சு. அதுதாங்க போர்டிங்."

முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்போ இந்த போர்டு மீட்டிங்?"

"தச்சன் போனதுக்கப்புறம் அந்தப் பலகை யாருக்குன்னு அவன் பிள்ளைங்க சுத்தி உட்கார்ந்து அடிச்சுக்கிட்டாங்க. ஒருத்தரை ஒருத்தர் பேசவிடலை. அதுதான் முதல் போர்டு மீட்டிங்."

"இப்பவும் அப்படித்தானேய்யா நடக்குது!" முதலாளி மேஜையை ஒரு தட்டுத் தட்டினார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "எங்கப்பாவும் தச்சன்தான்யா. கம்பெனியில யாருக்கும் தெரியாது. இழைப்புளியும் கையுமா அலைஞ்ச மனுஷன். தச்சனுக்கு இப்படி ஒரு பெருமை இருக்குன்னு தெரியாமலே போய்ச் சேர்ந்துட்டாரு."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்து அகராதிக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் மாடிப்படி இறங்கும்போது மேனேஜர் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உறுத்தல் அங்கேயே நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னார். கேட்கிறவர் மனைவி அல்லவா? அவ்வளவு சுலபத்தில் விடுவாரா?

"என்னங்க, இது நிஜமா?"

"இருக்கலாம்."

"இருக்கலாமா?"

"இல்லைன்னு யாராவது வந்து சொன்னாங்களா?"

"வர வேண்டாங்க. நீங்க பொய் சொல்றப்போ காது மடல் சிவக்கும். இப்போ ரெண்டும் பழுத்துத் தொங்குது."

மறுநாள் தொழிற்சாலைக்குள் நுழைந்தபோது வாசல் சுவரில் ஏணி சாத்தியிருந்தது. ஏணி மேல் ஓவியர். சுவரில் ஒரு கப்பல். கப்பலில் கிரீடம் வைத்த ராஜா ஒருவர் ஓரமாக நடுங்கிக்கொண்டிருந்தார். நடுவில், ஆள் உயரத்துக்கு, பலகை மேல் கால் மேல் கால் போட்டு ஒரு தச்சன்.

"முகம் எங்கியோ பார்த்த மாதிரி இருக்கே" என்றார் அகராதி.

"முதலாளியோட அப்பா முகம் சார். போட்டோ குடுத்து இதே முகம் வேணும்னுட்டாரு" என்றார் ஓவியர். "ஒரு சந்தேகம். குளிர் தேசம்னு சொன்னாங்க. அப்போ தச்சனுக்கு மேல்சட்டை போடணுமா வேண்டாமா?"

"போடுங்க" என்றார் அகராதி ஈனக்குரலில்.

அதோடு நிற்கவில்லை. அழைப்பிதழின் உள்பக்கம் முழுக்கத் தச்சன் கதை ஏறிவிட்டது. அடியில் "ஆராய்ச்சி" என்று போட்டு அகராதியின் பதவியும் அச்சாகிவிட்டது. பசை காய்ச்சும் பிரிவில் இருந்தவர்கள் வந்து, "பலகையை ஒட்டினது யாரு சார்? வெறும் பலகை தண்ணியைத் தாங்குமா? பசைக்காரன் ஒருத்தன் இருந்திருக்கணுமே?" என்று நியாயம் கேட்டார்கள். அகராதி அவர்களுக்கும் ஒரு ஆளைப் பிறப்பித்துக் கொடுத்து அனுப்பினார்.

அன்று மதியம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. நேராக நூலகத்துக்குப் போய், தலையணை கனத்துக்கு இருந்த ஆங்கில அகராதியை இறக்கி வைத்துப் புரட்டினார்.

தச்சன் இல்லை. ராஜா இல்லை. கப்பலில் ஓட்டையும் இல்லை.

போர்டு என்றால் ஆதியில் பலகை. அவ்வளவுதான். பலகையை நாலு மரக்கால் மேல் வைத்தார்கள், அது சாப்பாட்டு மேஜை ஆயிற்று. மேஜையையும் அதே பெயரால் கூப்பிட்டார்கள். பிறகு மேஜை மேல் வைக்கிற சாப்பாட்டுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. காசு கொடுத்துத் தங்கிச் சாப்பிடுகிற இடம் போர்டிங் ஆனது அப்படித்தான். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து யோசனை செய்த பெரிய மனிதர்களுக்கும் கடைசியில் அதே பெயர். பள்ளிப் பிள்ளைகளை நடுங்க வைக்கிற போர்டு பரீட்சைகூட அந்தப் பெரிய மனிதர்கள் நடத்துவதுதான். கப்பலின் பக்கவாட்டுக்கும் போர்டு என்றுதான் பெயராம். ஏறி உள்ளே போனால் ஆன் போர்டு.

வீட்டுக்கு வந்து இதையும் சொன்னார். மனைவி காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஒரு பலகை மேஜையாகி, சோறாகி, கடைசியில சோறு தின்ன ஆளுங்களாகவே ஆயிடுச்சா? நிஜக் கதையே இவ்வளவு நல்லா இருக்கே! இதை விட்டுட்டு நீங்க எதுக்கு ஒரு தச்சனைப் பெத்தீங்க?"

"அவசரத்துக்குப் பெத்துட்டேன்."

"போய் முதலாளிகிட்டச் சொல்லிடுங்க."

"அவங்கப்பா முகத்தைச் சுவத்துல வரைஞ்சாச்சுடி."

"அப்போ இன்னும் சீக்கிரமாச் சொல்லணும். மேல்சட்டைக்கு பட்டன் வரையறதுக்குள்ள போய்ச் சொல்லுங்க."

அகராதி மறுநாள் மாடிக்குப் போனார். பட்டென்று சொல்லாமல் பதமாகச் சொல்லலாம் என்று ஆரம்பித்தார்.

"முதலாளி, இந்தத் தச்சன் கதை இருக்கே... அதை ஒத்துக்காதவங்களும் சில பேர் இருக்காங்க."

"யாரு?"

"படிச்சவங்க."

"என் மச்சான்தானே உன்கிட்டச் சொன்னான்? தச்சன்னதும் அவனுக்கு இளக்காரமாப் போச்சா?"

"அய்யோ, அவர் இல்லைங்க. பொதுவா... பேராசிரியர்கள்."

முதலாளியின் முகம் சிவந்தது. நல்லவர், ஆனால் ரோஷக்காரர். "எந்தப் பேராசிரியர்? விழாவுக்குக் கூப்பிடு அந்த ஆளை! மேடையில உட்கார வைப்போம். முழுக் கதையையும் அவர் முன்னாடி நானே சொல்றேன். அதுக்கப்புறம் அவர் இல்லைன்னு சொல்லட்டும், பார்க்கலாம்!"

"வேண்டாங்க முதலாளி. சின்ன விஷயம்."

"எங்கப்பன் விஷயம்யா இது! இங்கிலீஷ்ல இந்த ஊர்லயே பெரிய ஆள் யாரு?"

இதைச் சொல்ல அகராதி தேவையில்லை. ஊருக்கே தெரியும். ஓய்வு பெற்ற ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் குடியிருந்தார். வெளியே தலைகாட்ட மாட்டார். அவர் முகத்தைப் பார்த்தவர் அபூர்வம். அவருடைய அஞ்சலட்டை வராத கடைதான் இன்னும் அபூர்வம். பெயர்ப்பலகையிலோ விளம்பரத்திலோ ஒரு ஆங்கில எழுத்து பிசகினால் போதும், அஞ்சலட்டை வந்துவிடும். சலூன்காரர் ஒருவர் அஞ்சலட்டைக்குப் பயந்து, பலகையைக் கழற்றிவிட்டு வெறும் கத்திரிக்கோல் படம் மாட்டிவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலாளி அங்கேயே போனைப் போட்டார். பேராசிரியர் வர ஒப்புக்கொண்டார்.

"போர்டுங்கற சொல்லைப் பத்தியான்னு கேட்டாருய்யா. ஆமான்னேன். ரொம்ப சந்தோஷம், அரை மணி நேரம் பேசறேன்னாரு" என்று முதலாளி கைகளைத் தேய்த்துக்கொண்டார். "வரட்டும், வரட்டும்."

அகராதி படி இறங்கினார். மேனேஜர் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே முதலாளியின் மச்சான் ஜன்னலுக்குத் திரை அளந்துகொண்டிருந்தார்.

இப்போது அகராதிக்கு இருந்தது ஒரே வழி. அவரைக் கேட்டால் அப்படித்தான் சொல்வார். உண்மையைச் சொல்வது என்ற இன்னொரு வழி பக்கத்திலேயே அகலமாகத் திறந்து கிடந்ததை அவர் பார்க்கவில்லை.

விழாவுக்கு முந்தின நாள் மதியம், எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து, கைக்குட்டையைப் போன் வாயில் வைத்துப் பேராசிரியரைக் கூப்பிட்டார்.

"ஐயா, பிளைவுட் கம்பெனியிலேர்ந்து பேசறோம். விழா தள்ளிப் போயிடுச்சுங்க."

"ஏன்?"

ஏன் என்பதை அகராதி யோசித்து வைக்கவில்லை. "பந்தல்ல... ஓட்டைங்க."

"பந்தல்ல ஓட்டையா? மழையே இல்லையே?"

"வெயில் ஒழுகுதுங்க."

"சரி. அடுத்த தேதியை எழுத்துல அனுப்புங்க. போன்ல பேசறதை நான் நம்பறதில்லை. அப்புறம், அதை எழுதறவரைப் பிழையில்லாம எழுதச் சொல்லுங்க" என்று பேராசிரியர் போனை வைத்துவிட்டார்.

அன்று வீட்டில் அகராதி சோற்றை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மனைவி ஒரு வார்த்தை கேட்கவில்லை. காது மடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

விழா நாள் வந்தது. தொழிற்சாலை முற்றத்தில் பந்தல், நாற்காலி, மைக், முன்வரிசையில் குடும்பங்கள். அகராதியின் மனைவியும் வந்து உட்கார்ந்திருந்தார். பேராசிரியர் வரப்போவதில்லைதான். இருந்தாலும் ஜாக்கிரதைக்கு ஜாக்கிரதையாக, வருகிற விருந்தாளிகளில் படித்த ஆள் எவராவது பார்த்துத் தொலைக்கப் போகிறார் என்று, அகராதி அந்தச் சுவர் ஓவியத்தை மறைக்க ஏற்பாடு செய்தார். பெரிய தார்ப்பாயை எடுத்துத் தச்சன் மேல் போர்த்தினார்.

முதலாளி வந்து பார்த்தார். ஒரு கணம் திகைத்தார். பிறகு அகராதியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

"பிரமாதம்யா! எனக்குத் தோணவே இல்லை பாரு. திறப்பு விழா மாதிரியா? பேராசிரியர் கையாலயே திரையை விலக்கச் சொல்லிடுவோம்!"

"அவர்... வயசானவர்ங்க முதலாளி. வந்தாலும் வருவார், வராமலும் போவார்."

"வராம எங்கே போவாரு? டிரைவரை அனுப்பியாச்சு. அந்த ஆள் இல்லாம திரும்பி வந்தே, இந்தப் பக்கமே வராதேன்னு சொல்லி அனுப்பியிருக்கேன்."

அகராதி மனசுக்குள் சிரித்துக்கொண்டார். பாவம் டிரைவர், நாலு திட்டு வாங்குவார். மேனேஜர் ஆனதும் அவருக்கு ஏதாவது நல்லது செய்துவிட்டால் போயிற்று.

அப்போதுதான் வாசலில் கார் வந்து நின்றது. பின்கதவு திறந்தது. உள்ளேயிருந்து ஒரு பெரியவர் இறங்கினார். கறுப்புக் கோட்டு. தடித்த கண்ணாடி. வெண்மையாக நரைத்த தலை. கோட்டு கொஞ்சம் பெரியதாக இருந்தது. அறிவாளிகள் உடம்பைக் கவனிப்பதில்லை, இளைத்திருப்பார்.

பேராசிரியர் வந்தேவிட்டாரே என்று அகராதி பதறினார்.

ஓடிப்போய்க் கும்பிட்டார். காதோரம் குனிந்து, "ஐயா, நேத்து போன்..." என்று இழுத்தார்.

"போனா?" என்றார் பெரியவர். "எனக்கு அதெல்லாம் கேட்காது தம்பி. காது மந்தம்."

நேற்று ஒழுகிய வெயிலைக்கூடக் கேட்டவருக்கு இன்று காது மந்தமா? போனில் பேசுவதை நம்புவதில்லை என்றாரே, அதற்காகத்தான் நேரிலேயே வந்துவிட்டாரா? அகராதிக்கு ஒன்றும் ஓடவில்லை. காது மந்தம் என்ற ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டார். கேட்காவிட்டால் நல்லதுதானே! ஓடிப்போய் மைக்காரரிடம் ஒலியைக் குறைக்கச் சொன்னார். மைக்காரர் அவசரத்தில் திருகியது வேறு திருகை. முதலாளி பேச எழுந்தபோது அவர் குரல் பாலத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

"ஒரு குளிர் தேசத்துல ஒரு தச்சன் இருந்தான்!"

பந்தலே அதிர்ந்தது. முதலாளி ஒன்றையும் விடவில்லை. கப்பலைச் சொன்னார், ஓட்டையைச் சொன்னார், உட்கார்ந்த இடத்துக்கு வந்த சாப்பாட்டைச் சொன்னார். பசைக்காரனைச் சொன்னபோது பசைப் பிரிவு எழுந்து நின்று கைதட்டியது. கடைசியில் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு, "என்னைப் பெத்தவரும் ஒரு தச்சன்தான்" என்றார். முன்வரிசையில் அவருடைய மச்சான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கூரையில் வைத்துக்கொண்டார்.

"இப்போ பேராசிரியர் ஐயா பேசுவாங்க. இது உண்மையா இல்லையான்னு அவங்க வாயாலயே சொல்லட்டும்."

அகராதி மேடை ஓரத்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். மனைவி முன்வரிசையிலிருந்து, "ஓடிடுங்க" என்று கையாலேயே சொன்னார்.

பெரியவர் எழுந்தார். மைக்கை ஒரு பார்வை பார்த்தார். கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"அந்தத் தச்சன் கதை," என்றார். நிறுத்தினார்.

முதலாளி நாற்காலி நுனிக்கு வந்தார்.

"அத்தனையும் நிஜம்."

அகராதி கம்பத்தை விட்டுவிட்டார்.

"நானே படிச்சிருக்கேன். பெரிய்ய புத்தகம். இந்தப் பந்தல் அகலத்துக்கு இருக்கும். ஆனா இதுல ஒண்ணை விட்டுட்டாங்க. அந்தத் தச்சனுக்கு ஒரு பொண்ணு இருந்துச்சு."

"அட!" என்றார் முதலாளி.

"தங்கமான பொண்ணு. ராஜாவோட தேரோட்டிக்குத்தான் அதைக் கட்டிக் குடுத்தான். தேரோட்டியும் நல்ல பையன்தான். என்ன, வீட்டுல தங்கவே மாட்டான். ராஜா அவனுக்கு ஒரு நாள் லீவு குடுத்ததில்லை. ஞாயித்துக்கிழமைகூட, அவரு மச்சினன் சும்மா ஊர் சுத்தறதுக்குத் தேரை எடுக்கச் சொல்லுவாரு. பேரப்பிள்ளைங்க அப்பன் முகத்தையே மறந்துடுச்சுங்க. கப்பல் ஓட்டைக்கு அசராத தச்சன் அந்தப் பொண்ணு கண்ணுல தண்ணியைப் பார்த்துத்தான் அழுதான்." பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "கதை சொல்றவங்க இதையும் சேர்த்துச் சொல்லணும். நான் வேற என்னத்தைச் சொல்றது? எனக்குப் பசிக்குது."

அரை மணி நேரம் பேசுவார் என்றார்கள். அவ்வளவு படித்தவர் அவ்வளவு சுருக்கமாக முடித்ததில் கூட்டம் சொக்கிப் போயிற்று. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. முதலாளி பெரியவரைக் கட்டிக்கொண்டார். தார்ப்பாயை இரண்டு பேரும் சேர்ந்து விலக்கினார்கள். பெரியவர் ஓவியத்தை அண்ணாந்து பார்த்து, "இவன்தான், இவனேதான்" என்றார்.

முதலாளி மறுபடி மைக்கைப் பிடித்தார். "கேட்டீங்களா? என் ஆராய்ச்சியாளர் சொன்னதைப் பெரிய பேராசிரியரே ஒப்புக்கிட்டாரு! மேனேஜர் நாற்காலி வேற யாருக்கு? அவருக்குத்தான்! அப்புறம் இன்னொண்ணு. அந்த ராஜா பண்ணின தப்பை நான் பண்ண மாட்டேன். இன்னைலேர்ந்து கம்பெனி காருக்கு ஞாயித்துக்கிழமை லீவு. என் மச்சான் வேணும்னா நடந்து போகட்டும்!"

மச்சானைத் தவிர எல்லோரும் கைதட்டினார்கள்.

சாப்பாட்டுப் பந்தியில் அகராதிக்குக் கால் தரையில் பாவவில்லை. மனைவியைத் தனியாக அழைத்துப் போய் நிறுத்தினார்.

"கேட்டியா? நிஜமாம்! புத்தகத்துல இருக்காம்! நான் கதை விடலைடி. எப்பவோ எங்கியோ படிச்சிருக்கேன், அது உள்ளேயே கிடந்து வெளியே வந்திருக்கு. உனக்குத்தான் என் மேல நம்பிக்கை கிடையாது."

"லைப்ரரி புத்தகத்துல இல்லையே?"

"அது சின்னப் புத்தகம். ஐயா சொன்னதைக் கேட்டே இல்லே? பந்தல் அகலம்!"

மனைவி அவர் காது மடலை உற்றுப் பார்த்தார். சிவக்கவே இல்லை. மனுஷன் மனசார நம்பிவிட்டார் என்று அவருக்கு அப்போதுதான் பயம் வந்தது.

பந்தி முடிந்தது. பெரியவர் நிறைவாகச் சாப்பிட்டுவிட்டு, கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, காரின் பின் இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடிவிட்டார். லேசான குறட்டை. அகராதி சத்தம் வராமல் கதவைச் சாத்தினார். சுவர்த் தச்சனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார், காருக்குள் இருந்தவருக்கு இன்னொன்று போட்டார். பிறகு புது மேனேஜர் குரலில் டிரைவரைக் கூப்பிட்டார்.

"இங்க பாருப்பா. ஐயா சாதாரண ஆள் இல்லை. குலுங்காம ஓட்டு. பத்திரமா அவர் வீட்டு வாசல்ல இறக்கி, உள்ளே போறவரைக்கும் கூடவே நின்னு பார்த்துட்டு வரணும், புரியுதா?"

"அதெல்லாம் நான் பார்த்துக்கிறேன் சார்" என்றார் டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டே. "விழா தள்ளிப் போச்சுன்னு யாரோ போன் பண்ணினாங்களாம், அந்தப் பேராசிரியர் கதவைச் சாத்திட்டாரு; காலி வண்டியோட வந்தா முதலாளி தோலை உரிச்சுடுவாரேன்னு பக்கத்து வீட்டு வக்கீல் கோட்டை இரவல் வாங்கி மாட்டி, எங்க மாமனாரை உட்கார வெச்சுக் கூட்டிட்டு வந்தேன்!"